லின் ஊருக்குப் போன பிறகு

அமெரிக்கா நம் சரக்கின் மீது வரியை ஏற்றிய செய்தி வந்த வாரம், எங்கள் பழைய ஷூ கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. ஆர்டர் நின்றுவிட்டது, மாதனூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்களில் சில ஓடவில்லை, கட்டிங் பிரிவில் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வேலை பார்த்த இம்ரான் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

"மூர்த்தி சார், நீங்க ஜாஸ்தி படிக்கிற ஆளு. அவங்க ஊர்ல வேலை இல்லன்னா அதுக்கு ஆம்பூர் இன்னா சார் பண்ணும்? ஏன் சார் நம்ம மேல போடறாங்க? எதனா எழுதுங்களேன்."

நூலகத்தில் இதற்கான விடை அலமாரி அலமாரியாக இருக்கிறது. பஞ்சம் வந்த நாடுகள், பணம் செல்லாக் காசாகிப்போன நாடுகள், போரில் தோற்ற நாடுகள் எல்லாம் தங்கள் நடுவே இருந்த வெளியாரை என்ன செய்தன என்று நிறைய வாசித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. அவை வெறுப்பில் தொடங்கிப் பழியில் முடிகின்றன. நான் கண்ணால் பார்த்த ஒரே ஒரு நிகழ்ச்சியில் வரிசை நேர்மாறாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதையும் தேதி போட்டே எழுதிப் பழகியவன் நான். இதில் மட்டும் ஆண்டு போடவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் இதே ஊரில் நடமாடுகிறார்கள். பண்டிகைகளை வைத்துக் காலத்தைச் சொல்கிறேன். வரிசைக்கு அது போதும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிப்ளமோ முடித்ததும் வாணியம்பாடியில் ஒரு தோல் ஷெட்டில் சேர்ந்தேன். நாற்றத்துக்கு மூக்கு பழகியது, சுண்ணாம்புக்குக் கை பழகவில்லை. ஷூ பக்கம் வந்துவிட்டேன். தரக்கட்டுப்பாட்டில் உதவியாளனாக நுழைந்து அதன் பொறுப்பாளனாக ஓய்வு பெற்றேன். என் அறையின் முக்கியமான பொருள், ஷூவின் அடிப்பாகத்தை, அதாவது சோலை, கவ்விப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கும் ஓர் இயந்திரம். சோல் பிய்ந்து வரும்போது தோலின் நாரையும் கிழித்துக்கொண்டு வந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. தோலுக்கு ஒன்றும் ஆகாமல் வழவழவென்று கழன்று வந்தால் அந்த ஷூ மழையில் வாயைத் திறந்துவிடும். ஒரு நாளில் நான் பார்த்த உண்மை அவ்வளவுதான்: நார் வந்ததா, வரவில்லையா.

சோலை ஒட்டுவதற்குப் பயன்படும் பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். தடவுவதற்கு முன் அதில் ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தைக் கொஞ்சம் கலக்க வேண்டும். ஹார்ட்னர் இல்லாமல் ஒட்டு நிற்காது. ஆனால் கலந்த நிமிடத்திலிருந்தே சொல்யூஷன் சாக ஆரம்பித்துவிடும். பார்வைக்குப் பாகு மாதிரி நன்றாகவே இருக்கும், பிரஷ்ஷில் நன்றாகவே வழியும். ஒட்டும் குணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனுக்குடன் முடித்துவிட வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை எங்கள் கம்பெனியில் நீளமானது. ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் போய் வருவார்கள். மற்றவர்கள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்ப்பார்கள். கன்வேயர் முழுதாக நிற்கும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அதை ஒட்டி இன்னொரு வழக்கமும் இருந்தது: வெள்ளிக்கிழமை மணி அடித்ததும், டின்களில் மிச்சமிருக்கும் கலந்த சொல்யூஷனைக் கழிவு டிரம்மில் கொட்டிவிடுவார்கள். வந்த பிறகு புதிதாகக் கலப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத வேலை அது.

ஒரு சித்திரை மாதம் அலுவலகத்திலிருந்து வாய்மொழியாக ஓர் உத்தரவு வந்தது. கலந்த சரக்கைக் கொட்டக் கூடாது. தின்னர் ஊற்றி இளக்கி, அதையே முடிக்க வேண்டும். காலி டின்னைக் காட்டினால்தான் ஸ்டோரில் புது டின் தருவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஏலகிரியில் முதலாளி குடும்பம் கட்டிய விடுதிக்கு ஆள் வரவில்லை. அங்கே விழுந்த ஓட்டையை இங்கே டின் டின்னாக அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

லின் வந்து அப்போது ஓர் ஆண்டு ஆகியிருந்தது. சீனாவிலிருந்து வாங்கிய புதுக் கன்வேயரைப் பொருத்த வந்து, டெக்னீஷியனாகவே தங்கிவிட்டவர். ஒல்லியான மனிதர். எந்நேரமும் கழுத்தில் ஒரு துண்டு. சோல் ஒட்டும் பிரிவின் பெண்களிடமிருந்தே தமிழ் கற்றதால், அவர் பேசுவதைக் கேட்டுச் சென்னையிலிருந்து வரும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"லின் சார், துன்னியா?" என்று கலாவதி கேட்பாள்.

"துன்ட்டேன். நீ?"

"நான் இன்னும் இல்ல. உன் மெஷின் உட்டாத்தானே?"

"மெஷின் நல்லவன். நீ பேஜார்."

பிரிவே சிரிக்கும். கலாவதி அந்தப் பிரிவின் லீடர். மாதனூருக்கு உள்ளே ஒரு கிராமம். கணவன் இல்லை, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். தன் டிபன் பாக்ஸின் மூடியில் கத்திரிக்காய்க் குழம்பும் சோறும் வைத்து லின்னிடம் நீட்டுவாள். அவர் சாப்பிடுவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பிரஷ்ஷைக் கழுவுவாள்.

புது உத்தரவு வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை முடிந்து கலாவதி பழைய டின்னில் தின்னர் ஊற்றப் போனாள். லின் ஓடி வந்தார். "வேணாம்! வேணாம்!" என்று டின்னைப் பிடுங்கி, உள்ளே இருந்ததை டிரம்மில் கொட்டினார்.

"ஐயோ, இன்னா சார் இது! ஸ்டோர்ல காலி டின்னு காட்டணுமே!"

லின் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். "டின் காலி."

அன்றைக்கும் சிரித்தார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். மாலையில் லின்னை அலுவலகத்துக்கு அழைத்து, உங்கள் வேலை இயந்திரம் மட்டும், சரக்கில் தலையிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர் சோல் பிரிவுப் பக்கம் வராமல் கன்வேயரின் மறுகோடியில் முதுகைக் காட்டி நின்றுகொள்வார்.

புரட்டாசியில் ஐரோப்பாவிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. அட்டைப் பெட்டிகள் கிடங்கின் வாசல் வரை அடுக்கப்பட்டிருந்தன. திறந்து பார்த்தால், விரல் பக்கம் சோல் விட்டுப்போன ஷூக்கள். வாங்கியவர் தரப்பு கேட்டது இரண்டு விஷயம்: காரணம் என்ன, அந்தக் காரணம் நீங்கிவிட்டதா. பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த ஆர்டர் கிடையாது. அந்த ஆர்டர் இல்லையென்றால் இரண்டு லைன்களை மூட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குச் சந்தேகம் முதல் நாளே வந்துவிட்டது. ஆனாலும் செய்து பார்க்காமல் சொல்லக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை, இடைவேளைக்கு முன் கலந்து வைத்த சொல்யூஷனில் தின்னர் ஊற்றி ஒரு ஷூவையும், அப்போதுதான் கலந்த சொல்யூஷனில் அதன் ஜோடியையும் ஒட்டச் சொன்னேன். ஒட்டு இறுகக் காத்திருந்து, மறுநாள் மேனேஜர் சுந்தரம் சாரை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் ஷூவைக் கொடுத்தாலும் முதலில் உள்ளே மூக்கை வைத்து முகர்வார், பிறகுதான் பார்ப்பார். பேசும்போது மேஜையில் இருக்கும் ஷூ ஜோடியின் முனைகளை ஒரே கோட்டில் நிற்கும்படி சரிசெய்துகொண்டே இருப்பார். அவை நேரான பிறகுதான் முடிவைச் சொல்வார்.

இயந்திரத்தில் முதல் ஷூவை மாட்டினேன். சோல் நாரோடு கிழிந்து வந்தது. இரண்டாவது, வெள்ளிக்கிழமை மிச்சத்தில் ஒட்டியது, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. சுந்தரம் சார் அந்தச் சோலைக் கையில் வாங்கி முகர்ந்தார்.

"இதைப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா மூர்த்தி? எனக்கு அந்த ரூலைச் சொன்ன அன்னைக்கே தெரியும்."

"அப்ப பார்ட்டிகிட்ட சொல்லிடலாமே சார். ரூலை எடுத்துட்டோம், இனி வராதுன்னு."

அவர் கிழிந்த ஷூவையும் கிழியாத ஷூவையும் அருகருகே வைத்து முனைகளைச் சரிசெய்தார்.

"ரூல் யாரு போட்டதுன்னு கேப்பான். முதலாளி பேரைச் சொல்ல முடியுமா? ஒட்டுன பொண்ணுங்க மேல சொன்னா அந்த லைனையே நிறுத்தணும். அத்தனை ஊரு ஜனமும் கேட்ல வந்து நிக்கும். டெக்னீஷியன் சரியில்ல, அனுப்பிட்டோம்னா முடிஞ்சிச்சு. காரணமும் கெடைச்சிச்சு, காரணம் நீங்கவும் நீங்கிச்சு."

"லின் கொட்டச் சொன்ன ஆளு சார்."

"தெரியும். நல்ல மனுஷன். அவனுக்கு இங்க யாரு இருக்கா?"

அவர் இதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. எங்கே வைத்தால் கீழே விழாது என்று பார்த்துப் பாரத்தை இறக்கும் ஆளின் குரலில் சொன்னார். எல்லைப் பக்கம் பதற்றம் என்று டிவியில் அடிக்கடி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது தேவைப்படவில்லை.

நான் கலாவதியிடம் போனேன். லின் டின்னைக் கொட்டியது அவள் கையிலிருந்து பிடுங்கித்தான். அவள் ஒருத்தி சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

"பார்ட்டியோட ஏஜென்ட் சென்னையிலிருந்து வர்றாரு. லின் வேணாம்னு தடுத்தாருன்னு நீ சொல்லணும்."

அவள் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அப்புறம்? தடுத்தாரு, நீ ஏன் ஒட்டுனேன்னு கேப்பாங்க இல்ல?"

"மேலிடத்து உத்தரவுன்னு சொல்லு."

"எந்த மேலிடம்? நீங்க பேரு சொல்றீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். குரலைத் தணித்து, யாரையும் பார்க்காமல்.

"பாவம்தான் சார். எனக்குத் தெரியாதா? அவரு பிளேன் ஏறி ஊருக்குப் போய்டுவாரு. நான் இந்த ஊர்லயே இருக்கணுமே."

கூட்டம் மாடி அறையில் நடந்தது. என் முறை வந்தபோது, வெள்ளிக்கிழமை மதியத்துச் சரக்கில் ஒட்டு நிற்கவில்லை, கலந்த சொல்யூஷன் பழையதாகிவிட்டது என்று சொன்னேன். முதலாளி தலையசைத்து, "மூர்த்தி நல்லா பாத்திருக்காரு" என்றார். பழைய சொல்யூஷனைப் பயன்படுத்த யார் அனுமதித்தது என்று ஏஜென்ட் கேட்டார். சுந்தரம் சார் கலாவதியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே, "லைன்ல எல்லாமே டெக்னீஷியன் பொறுப்புதான் சார்" என்றாள்.

அது பொய்யும் இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்த லின்னுக்கு அந்த அளவு தமிழ் புரியும். கழுத்துத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஏஜென்ட் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். லின் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்.

அவர் கிளம்பிய அன்று சோல் பிரிவுப் பெண்கள் காசு போட்டு ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கலாவதி அழுதாள். நடிப்பில்லை. என் அறைக்கு வந்த லின், இழுவை இயந்திரத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, "மூர்த்தி சார், ஃப்ரைடே கொட்டு" என்றார். அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. அன்று அந்தக் கட்டடத்தில் லின்னை வெறுத்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நான் வரிசையாகக் கவனித்தேன்.

தீபாவளி வரை எல்லோரும், "பாவம் லின், மாட்டிக்கினாரு" என்றே சொன்னார்கள். கார்த்திகையில் டீ இடைவேளையில் ஒரு புதுக் குரல் கேட்டது: "அவரு மேலயும் தப்பு இருக்கு. டெக்னீஷியன்னா கூடவே நிக்கணும் இல்ல? வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அந்தக் கோடியில போய் நின்னுக்குவாரே." யாரும் மறுக்கவில்லை. அவர் ஏன் அந்தக் கோடியில் போய் நின்றார் என்பது அதற்குள் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. பொங்கலுக்குச் "சார்" போய்விட்டது; "அந்த சைனாக்காரன்" ஆனார். ரம்ஜான் மாதத்தில் பேக்கிங் பிரிவில் ஒருவன், அவர்கள் நாட்டுக்கே ஆர்டர் போக வேண்டும் என்று திட்டம் போட்டு அனுப்பிய ஆள் அவன் என்றான். டிவியில் கேட்டதெல்லாம் இப்போதுதான் பயன்பட்டது.

ஆடியில் சோல் பிரிவுக்குப் புதிதாகப் பெண்கள் வந்தார்கள். கலாவதி அவர்களுக்கு வேலை காட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மாதிரி ஷூ எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த டின்னை யாரு கையிலயும் குடுக்கக் கூடாது, ஆமா. மின்ன ஒரு சைனாக்காரன் இருந்தான். என் கையில இருந்த டின்னைப் புடுங்கி அதுல இன்னாவோ ஊத்துனான். என் கண்ணால பாத்தேன். அதான் அவ்ளோ சரக்கும் ரிட்டன் வந்துச்சு."

"ஊத்தல கலாவதி, கொட்டினாரு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் பிடிபட்டவளின் பதற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மறதிக்காரக் கிழவனைப் பார்ப்பது போல, இரக்கத்தோடு பார்த்தாள்.

"நீங்க அன்னைக்கு அங்க இல்ல சார். இருந்திருந்தா தெரியும்."

இம்ரான், உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான். நாங்கள் வெறுத்ததால் அவர் மேல் பழி போடவில்லை. போட்ட பழியை வருஷக்கணக்கில் தாங்க ஒரு முட்டு வேண்டியிருந்தது. தெரிந்தே ஒரு நல்ல மனிதனை அனுப்பினோம் என்ற நினைப்போடு தினமும் பஸ் ஏறி வர யாராலும் முடியாது. அவன் கெட்டவனாகிவிட்டால் முடியும். ஒரு கம்பெனிக்கு இது போதுமென்றால் ஒரு தேசத்துக்கும் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்ளே இருப்பவனைச் சொன்னால் நாளைக்கு அவன் முகத்தில் விழிக்க வேண்டும். அவனுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. வெளியாளுக்கு இரண்டும் இல்லை. அவன் செய்த தப்பு அதுதான்.

இதில் யாருக்காவது லாபம் இருந்ததா என்றால், அடுத்த ஆர்டர் வந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் டின் உத்தரவு அப்படியே இருந்தது. லின்தான் காரணம் என்று முடிவான பிறகு அதை எடுப்பதற்கு என்ன அவசியம்? நான் கேட்டபோதெல்லாம் சுந்தரம் சார், "பாத்துக்கலாம்" என்றார். ஓர் ஆண்டு கழித்து மறுபடி பெட்டிகள் திரும்பி வந்தன. அப்போது கம்பெனியில் சீனாக்காரர் யாரும் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து பின்பக்க ஷெட்டில் தங்கி, ஒட்டுவதற்கு முன் தோலைச் சுரண்டும் ரஃபிங் மெஷினில் நின்ற பையன்கள் இருந்தார்கள். "வடக்கத்திப் பசங்களுக்கு வேலை சுத்தம் கம்மி" என்ற பேச்சு ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. முதல் முறை ஒரு வருஷம் எடுத்த வேலை அது. அந்த ஐரோப்பியக் கம்பெனி மூன்றாம் முறை காத்திருக்கவில்லை. அமெரிக்க ஆர்டர் ஒன்றை மட்டும் நம்பி எங்கள் கம்பெனி நின்றது அப்படித்தான். இன்று வரியால் மூடுகிறோம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வரி உண்மை. ஒற்றைக் காலில் நிற்கும்படி ஆனது அதற்கு முன்பே நடந்தது.

போன மாதம் ஆம்பூர் பஸ் நிலையத்தில் கலாவதியைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. டிபன் பை கையில் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. வேறு கம்பெனிகளில் கேட்டுவிட்டு வருகிறாளாம். எங்கேயும் ஆள் எடுக்கவில்லையாம். மகள் படித்து முடித்து வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயத்தில் இப்படி ஆகிவிட்டது என்றாள்.

"அந்த அமெரிக்காக்காரனுக்கு நாம இன்னா சார் பண்ணோம்? ஒழுங்கா ஷூ தைச்சுத்தானே அனுப்பனோம். அவன் ஊர்ல ஃபாக்டரி மூடிப்போனதுக்கு நாமதான் காரணம்னு டிவியில சொல்றாங்களாமே."

"சொல்றாங்கம்மா."

"அவ்ளோ பெரிய நாட்டுல ஒருத்தனுக்குக்கூடவா உண்மை தெரியாது?"

"தெரிஞ்சவங்க நெறைய பேரு இருப்பாங்க."

"அப்புறம் ஏன் சார் வாயத் தொறந்து சொல்ல மாட்றாங்க?"

மாதனூர் பஸ் வந்து நின்றது. நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன்.

"அவங்க அந்த ஊர்லயே இருக்கணுமே கலாவதி" என்றேன்.

அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தாள். முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அதுவும் சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு, உட்கார இடம் பிடிக்க உள்ளே போய்விட்டாள்.